மருந்துக்கடை அண்ணனும் என் மகளின் கடைவாய்ப் பல்லும்

அவரைப் பற்றி எங்கள் தெருவில் ஒருவரும் குறையாக ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். அதனால்தான் நான் சொல்லவேண்டியிருக்கிறது. சொன்னால் என் மேல்தான் பாய்வார்கள் என்பதும் தெரியும். "அந்த மனுசனையா? எப்படிடி உனக்கு மனசு வருது?" என்பார்கள். நன்றாகவே வருகிறது. வருடம் போகப் போகக் கோபம் ஆறிவிடும் என்று சொல்கிறவர்கள் என்னத்துக்குக் கோபப்பட்டார்களோ எனக்குத் தெரியாது. என்னுடையது ஆறவில்லை.

பழங்காநத்தம் கடைவீதியில் என் ஜெராக்ஸ் கடையும் அவருடைய மெடிக்கலும் அடுத்தடுத்த கடைகள். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். என் மிஷின் ஓடாத நேரத்தில் அந்தப் பக்கம் யார் என்ன வியாதிக்கு வந்து நிற்கிறார்கள் என்பது அப்படியே கேட்கும். ஒன்பது வருடம் கேட்டிருக்கிறேன். அவரை நான் அண்ணே என்பேன். அவர் என்னைத் தாயி என்பார். என் மகளுக்கு அவர் மாமா. சொந்தபந்தம் என்று எதுவும் கிடையாது. பக்கத்துப் பக்கத்தில் ஷட்டர் தூக்கிப் பழகிய உறவுதான்.

ஒல்லியாக, உயரமாக இருப்பார். தினமும் இஸ்திரி போட்ட அரைக்கை வெள்ளைச் சட்டை. புதிதாக வருகிறவர்கள் டாக்டர் என்று நினைத்துக்கொண்டு பேசுவார்கள். அவரும் அதை அவசரப்பட்டுத் திருத்தமாட்டார். மேஜைக்கு மேலே ஆணியில் ஒரு கத்தரிக்கோல் கயிறு கட்டித் தொங்கும். மாத்திரை அட்டைகளை எடுத்து, ஒன்று ஒன்றாக வெட்டி, நாலு நிறத்தில் நாலு மாத்திரையைச் சேர்த்து ஒரு சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பார். செட் மாத்திரை என்று அதற்குப் பெயர். வெட்டிய துண்டில் மருந்தின் பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது. கவர் மேல் பேனாவால் ஒரு பாதிச் சூரியன், ஒரு முழுச் சூரியன், ஒரு பிறை வரைந்து கொடுப்பார். காலை, மத்தியானம், ராத்திரி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தப்பாமல் சாப்பிட்டுவிடலாம். நானே பார்த்து எத்தனையோ தடவை மெச்சியிருக்கிறேன்.

ஒரு மனிதருக்கு ஒரு குணம்தான் முன்னால் தெரியும். அவருக்குத் தெரிந்தது இதுதான்: யாருக்கு வலித்தாலும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றால் போதும், இவர் கையும் தன்னால் இவர் கன்னத்துக்குப் போய்விடும். முகம் சுருங்கும். வரிசையில் நாலு பேர் நின்றாலும் அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, "இங்கிட்டு வாங்க, எம்புட்டு வலிக்குது?" என்று கேட்பார். எம்புட்டு வலி என்றுதான் கேட்பார். எம்புட்டு நாளா வலிக்குது என்று அவர் கேட்டு இந்த ஒன்பது வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

"மூணு வேளைக்குத் தாரேன். முதல் வேளையிலயே கேட்டுரும். வலி நிக்கணும், அம்புட்டுத்தானே?"

அம்புட்டுத்தான். மறுநாள் அதே ஆள் சிரித்துக்கொண்டு வந்து, "கேட்டுருச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார். இவர் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வரும். பொய்யில்லாத வெளிச்சம். அதைப் பார்த்த யாரும் இந்த மனிதர் நமக்குக் கெடுதல் செய்வார் என்று நினைக்கமாட்டார்கள். மூன்று மாதம் கழித்து அதே ஆள் அதே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி வருவார். மறுபடி கத்தரிக்கோல், மறுபடி சூரியன்.

ஒரு தடவை பின் தெருவில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்தன்று விடிந்ததும் மாப்பிள்ளைக்குத் தாடை பொங்கிவிட்டது. கடைவாய்ப் பல்லில் சொத்தை, எத்தனையோ நாளாக இருந்ததாம். ஒரு பக்கம் கன்னம் பந்து மாதிரி. மாப்பிள்ளையின் அம்மா மண்டபத்திலிருந்து இவருக்குப் போன் போட்டு அழுதார். இவர் கடையை அடைத்துவிட்டுக் கிளம்பினார். கல்யாண நாளில் வேறு கடையாக இருந்தால் நல்ல வியாபாரம் என்று இருந்திருப்பார்கள். இவர் மேடைக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு நின்று, மணிக்கணக்குப் பார்த்து மாத்திரை கொடுத்து, பஞ்சில் கிராம்புத் தைலம் நனைத்துப் பல்லில் வைத்து, தாலி கட்டி, போட்டோ எடுத்து, சாப்பாடு முடிகிற வரைக்கும் அவனை நிமிர்த்தி வைத்திருந்தார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தெருவே ஒரு வாரம் அதைத்தான் பேசியது.

அந்த மாப்பிள்ளைக்கு அடுத்த வருடம் அந்தப் பக்கம் மூன்று பல்லைப் பிடுங்கினார்கள். அதை யாரும் பேசவில்லை. கல்யாணத்தன்று அவனை நிமிர்த்தி வைத்ததில் தப்பில்லை, நானும் அதைச் சொல்லவில்லை. சாப்பாடு முடிந்து கை கழுவுகிற இடத்தில் அவனிடம், "மாப்ள, மறுவீடு போறதுக்கு முந்தி பல் டாக்டரைப் பாரு, இது மருந்துல தீராது" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் என்ன? சொல்லவில்லை. சொன்னால் மாப்பிள்ளை முகம் வாடும். கல்யாண மாப்பிள்ளை முகத்தை வாட வைக்க அவருக்கு மனது வராது.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் மங்கிவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. பெண்கள் வந்து அவரிடம் கேட்பார்கள், "நெசந்தானாண்ணே?" என்று. அவருக்குத் தெரியும் அது கட்டுக்கதை என்று. பல்லுக்கும் கண்ணுக்கும் சம்பந்தமில்லை என்று படித்தவர்தானே. ஆனால் அவர் சொல்கிற பதில் வேறு. "எதுக்குப் பயப்படுறீங்க? பிடுங்கவே வேணாம். இந்தாங்க, இதைப் போடுங்க." பயத்தைப் போக்கமாட்டார். பயத்துக்கும் ஒரு மாத்திரை கொடுத்து அனுப்புவார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பல் கூச்சம். ஃபிரிட்ஜ் தண்ணீர் வாயில் பட்டால் கீழ்ப் பல்லிலிருந்து காது வரைக்கும் ஒரு கம்பி இழுக்கும். ஒரு சித்திரைத் திருவிழா சமயம், என் தம்பி ஆசையாக ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தான். ஒரு வாய் குடித்துவிட்டு நடுரோட்டில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டேன். மறுநாள் அண்ணனிடம் சொன்னேன். கூச்சத்துக்கு என்று இருக்கிற பேஸ்ட்டை எடுத்துக் கொடுத்து, "ரெண்டு வேளை விளக்கு தாயி. துப்புனதும் தண்ணி விட்டுக் கொப்பளிச்சிறாத, மருந்து போயிரும். விரல்ல கொஞ்சம் எடுத்து அந்த எடத்துல தடவி வச்சாலும் நல்லாக் கேக்கும்" என்றார். இதுவரை சொன்னது எல்லாம் சரி. இரண்டு வாரத்தில் கூச்சம் குறைந்தது. பார்க்கிறவர்களிடம் எல்லாம் அண்ணனைப் பற்றிச் சொன்னேன்.

ஏன் கூசுகிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் பாத்திரம் தேய்த்தால் முகம் தெரிகிற வரைக்கும் தேய்க்கிற ஜாதி. பல்லையும் அப்படித்தான். கடையில் இருப்பதிலேயே முரட்டு பிரஷ்ஷாகப் பார்த்து வாங்கி, இடமும் வலமும் ரம்பம் போடுகிற மாதிரி அறுத்திருக்கிறேன். அந்த முரட்டு பிரஷ்ஷை எனக்கு விற்றதும் அவர்தான். கூச்சம் நின்றுவிட்ட சந்தோஷத்தில் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். ஈறு இறங்கி, பல்லின் கழுத்தில் நகம் நுழைகிற அளவுக்குப் பள்ளம் விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அதுவும் இன்னொருவர் சொல்லி. கூச்சம் என்று ஒன்று இருந்த வரைக்கும் அது என்னிடம் ஏதோ சொல்லப் பார்த்திருக்கிறது. இரண்டு பேருமாகச் சேர்ந்து அதன் வாயை அடைத்துவிட்டோம்.

என் பல் போகட்டும். நான் பேச வந்தது என் மகளைப் பற்றி.

அவள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக என் கடைக்கு வருவாள். பையை என் மேஜைக்குக் கீழே தள்ளிவிட்டு அடுத்த கடைக்கு ஓடுவாள். அங்கே கண்ணாடி பாட்டிலில் ஆரஞ்சு நிறத்தில் சப்பிச் சாப்பிடுகிற சி விட்டமின் மாத்திரை இருக்கும். இனிப்பும் புளிப்புமாக. எந்தப் பிள்ளை கடைக்கு வந்தாலும் அவர் இரண்டு எடுத்துக் கொடுப்பார். என் மகளுக்குத் தினமும் உண்டு. முதலில் நான் தடுத்தேன்.

"சத்து மாத்திரைதான் தாயி. ஒண்ணும் பண்ணாது. பிள்ள மூஞ்சியப் பாரு."

பிள்ளை மூஞ்சியைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தது. விட்டுவிட்டேன். அவள் அதைக் கடித்து விழுங்கமாட்டாள். சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று கடைவாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சப்புவாள். அப்படியே வீட்டுப்பாடம் எழுதுவாள். ராத்திரி பல் விளக்குகிற பழக்கம் எங்கள் வீட்டில் அப்போது கிடையாது. காலையில் எழுந்ததும் விளக்கினால் போதும் என்றுதான் நாங்கள் எல்லாரும் வளர்ந்திருக்கிறோம்.

இரண்டாம் வகுப்பு முடிகிற சமயம், கீழ்க் கடைவாயில் கடைசிப் பல்லின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. அண்ணனிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார்.

"பால் பல்லுதான் தாயி. இதுக்குப் போயி யாராச்சும் செலவழிப்பாகளா? விழுந்து முளைச்சுக்கும்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஏழு வயதுப் பிள்ளைக்கு வாயில் பால் பல் இல்லாமல் வேறு என்ன இருக்கும்? முன்பல் இரண்டும் அப்போதுதான் விழுந்து, புதிதாக ரம்பம் மாதிரி நுனியோடு வந்துகொண்டிருந்தன. அதுபோல இதுவும் என்று நினைத்தேன்.

புள்ளி பொத்தல் ஆனது. ஐஸ் சாப்பிட்டால் வலிக்கிறது என்றாள். பிறகு சுடுசோறு பட்டாலும் வலித்தது. ஒரு பக்கமாகவே மெல்லப் பழகிக்கொண்டாள். வலி என்று அவள் அழுகிறபோதெல்லாம் அவர் இனிப்பான சிரப் ஒன்று கொடுப்பார், சின்ன மாத்திரையில் பாதியை வெட்டித் தருவார். கவரில் அவளுக்காகவே சூரியனுக்குக் கண்ணும் வாயும் போட்டுச் சிரிக்க வைத்திருப்பார். அவள் அந்தக் கவர்களைச் சேர்த்து வைத்திருந்தாள். எத்தனை இருந்தன என்று பின்னால் ஒருநாள் எடுத்துப் பார்க்கத் தொடங்கி, பார்க்கப் பிடிக்காமல் குப்பையில் போட்டேன். ஒவ்வொரு தடவையும் வலி நின்றது. ஒவ்வொரு தடவையும் அவர், "கேட்டுச்சாடா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். அழுகை அதிகமான நாட்களில் நானும் அவளை மடியில் வைத்துக்கொண்டு, "இது விழுந்து புதுப்பல்லு வந்துரும், அப்புறம் வலிக்காது" என்பேன்.

நாலாம் வகுப்புத் தொடங்கி இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலையில் எழுந்தவள் வாயைத் திறக்க முடியாமல் நின்றாள். இடது தாடை வீங்கிக் கழுத்து வரைக்கும் இறங்கியிருந்தது. உடம்பு கொதித்தது. என் வீட்டுக்காரருக்கு ஒத்தக்கடைப் பக்கம் கம்பெனி வேலை, விடிகாலை பஸ்ஸுக்கே போய்விட்டிருந்தார். நான் ஆட்டோ பிடித்தேன். மெடிக்கல் வழியாகத்தான் ஆட்டோ போனது. அண்ணன் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். பார்த்ததும் பதறி ஓடி வந்து, "எறங்கு தாயி, ஒரு ஊசி மாத்திரம் போட்டுட்டா" என்று ஆரம்பித்தார். முதல் தடவையாக நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பசுமலையில் ஒரு பல் டாக்டர் அம்மா இருக்கிறார் என்று என் கடைக்கு வருகிற ஒரு கல்லூரிப் பெண் சொல்லியிருந்தாள். அங்கே போகச் சொன்னேன்.

டாக்டர் அம்மா படம் எடுத்துப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"எத்தனை நாளா வலி?" என்று கேட்டார். ஒன்றரை வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள்.

சொன்னேன். பால் பல் தானே என்றும் சொன்னேன்.

"இது பால் பல் இல்லம்மா. ஆறு வயசுல முளைக்கிற நிலைப் பல். இதுக்காக எந்தப் பல்லும் விழாது. பால் பல்லுக்கெல்லாம் பின்னாடி சத்தமில்லாம புதுசா வந்து நிக்கும். அதனால வீட்டுல யாருக்கும் தெரியறதில்ல. முளைச்சு மூணு வருசம்கூட ஆகல, பாவம்."

"காப்பாத்த முடியாதா மேடம்?"

"புள்ளியா இருந்தப்ப வந்திருந்தா அடைச்சு அனுப்பியிருப்பேன், ஒரு தடவை உக்காந்தாப் போதும். முளைச்ச உடனே வந்திருந்தா பல்லு மேல இருக்கிற குழியில ஒரு பூச்சுப் பூசி விட்டிருப்பேன். சொத்தையே வந்திருக்காது. இப்ப வேர் வரைக்கும் போயிருச்சு."

மாத்திரை கொடுத்து வீக்கம் வடிந்த பிறகு, ஆறாம் நாள் அந்தப் பல்லை எடுத்தார். அதே மாதிரி மிச்சமிருந்த மூன்று நிலைக் கடைவாய்ப் பற்களிலும் அவர் சொன்ன பூச்சைப் பூசினார். ராத்திரிப் படுக்கப் போகும் முன்னால் விளக்காமல் விடக் கூடாது, பட்டாணி அளவு பேஸ்ட் போதும், எட்டு ஒன்பது வயது வரைக்கும் பிள்ளைக்குப் பெரியவர்கள்தான் விளக்கிவிட வேண்டும் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். என் வாயையும் ஒரு தடவை திறக்கச் சொன்னார். என் பல்லில் இருந்த பள்ளத்தைக் கண்ணாடியில் எனக்கே காட்டியது அவர்தான். மெத்தென்ற பிரஷ் வாங்கி, அறுக்காமல் சின்னச் சின்னதாகச் சுற்றி விளக்கச் சொன்னார்.

வெளியே பிள்ளையைப் பஞ்சு கடித்தபடி உட்கார வைத்திருந்தேன். வரிசைச் சீட்டு எழுதிக் கொடுக்கிற பெண் பேச்சுக் கொடுத்தாள். எந்த ஏரியா என்றாள். பழங்காநத்தம், மெடிக்கலுக்குப் பக்கத்துக் கடை என்றேன்.

"அட, அந்த அண்ணன் கடையா? இங்கதான வருவாரு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா தப்பாம வந்து கிளீன் பண்ணிட்டுப் போயிருவாரு. எங்க மேடம் எல்லார்ட்டயும் சொல்லுவாங்க, வந்தா அவரு மாதிரி வரணும்னு."

எனக்கு முதலில் புரியவில்லை. வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைத்து அடையாளம் கேட்டேன். வெள்ளைச் சட்டை, உயரம், ஒல்லி. அவர்தான்.

மகளை வீட்டில் விட்டேன். என் வீட்டுக்காரர் அன்று லீவு போட்டிருந்தார். அவரிடம் ஒப்படைத்துவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கடைக்கு நடந்தேன். மத்தியான நேரம், கூட்டமில்லை.

"அண்ணே, நீங்க பசுமலைல பல் டாக்டர்ட்டப் போறீங்களாமே?"

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "ஆமா தாயி. யாரு சொன்னா?"

"எதுக்குப் போறீக?"

"சும்மா, கிளீன் பண்ணத்தேன். எங்கிட்டாச்சும் சின்ன ஓட்டை இருந்தாலும் அப்பயே அடைச்சுவிட்டுருவாக."

"உங்களுக்குப் பல்லு வலிக்குதா?"

"வலி வந்ததுக்கப்புறம் போயி என்ன தாயி பிரயோசனம்?" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பேப்பரை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது எனக்கு முழுதாக நினைவில்லை, ஆனால் எதிர் டீக்கடையில் டம்ளர் கழுவுகிற சத்தம் நின்றது நினைவிருக்கிறது. இந்த ஒரு வரியை என்னிடம் சொல்ல உங்களுக்கு என்ன கேடு என்று கேட்டேன். உங்கள் பல் மட்டும்தான் பல்லா என்று கேட்டேன்.

"நீ வலி நிக்கணும்னுதான தாயி கேட்ட? வர்றவுக எல்லாரும் அதைத்தான கேக்குறாக. டாக்டர்ட்டப் போங்கன்னு சொன்னா, ஊசி போடுவாகளா, பிடுங்குவாகளான்னு இங்கயே கண்ணு கலங்கி நிக்கிறாக. அந்த மூஞ்சியப் பாக்க என்னால ஆகல."

"உங்களால பாக்க ஆகலன்னு எம்பிள்ளைக்குப் பல்லு போச்சாண்ணே?"

மடித்த பேப்பரை மேஜையில் வைத்தார். "அது நிலைப் பல்லுன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது தாயி" என்றார். அவர் கண் நிறைந்துவிட்டது.

அந்தக் கண்ணீரையும் நான் நம்பினேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திருடன் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். ஏமாற்றுக்காரன் என்றால் நாலு பேரைக் கூட்டலாம். இவரை என்ன செய்வது? "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதான" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். நான் அவர் கடைப் படியை விட்டு இறங்குவதற்குள் டீக்கடையிலிருந்து இரண்டு பேர் அவரிடம் ஆறுதல் சொல்லப் போய்விட்டார்கள். என்னிடம் ஒருவரும் வரவில்லை. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க, ஒரு பல்லுக்காக நான் அந்த நல்ல மனிதரை அழ வைத்துவிட்டேன் என்று பேச்சாகிவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை, அதில் சப்போட்டாவும் கனிந்த வாழைப்பழமும். கடிக்காமல் சாப்பிட வசதியாக யோசித்து வாங்கியிருக்கிறார், அதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. வாசலில் நின்று, "வரலாமா தாயி?" என்றார். வீடு தேடி வந்தவரைத் திருப்பி அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை.

மகள் ஓடி வந்தாள். அவளுக்கு அவர் மேல் ஒரு கோபமும் இல்லை. தாடை நன்றாக வடிந்துவிட்டிருந்தது. வாயை அகலமாகத் திறந்து விரலால் இடத்தைக் காட்டினாள்.

"மாமா, அந்தப் பல்லை டாக்டர் என்கிட்டயே கொடுத்துட்டாங்க. அன்னைக்கே சாணில வச்சு உருட்டி மாடில இருந்து கூரை மேல எறிஞ்சிட்டேன். அப்பாதான் தேடிப் போயி சாணி கொண்டாந்தாரு. முன்பல்லு ரெண்டும் அப்படித்தான் எறிஞ்சோம், முளைச்சிருச்சு. இது பெரிய பல்லுல்ல, எப்ப மாமா முளைக்கும்?"

எனக்குத் தெரியாது, கூரையில் எறிந்தது. நான் கடைவீதியில் நின்று கத்திக்கொண்டிருந்த நேரத்தில் அப்பாவும் மகளுமாக அதைச் செய்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரரும் அவளிடம் உண்மையைச் சொல்லாமல் சாணி தேடப் போயிருக்கிறார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒரு தடவையாவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அன்று தன் கடையில் கண் கலங்கி நின்ற பிறகாவது, இந்தப் பிள்ளையிடமாவது சொல்லட்டும் என்று. அவர் அவள் தலையில் கையை வைத்தார்.

"முளைக்கும்டா கண்ணு. வெரசா முளைச்சிரும்."

"முளைக்காது" என்றேன்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவள் முன்னால் உட்கார்ந்தேன். "அது பால் பல்லு இல்லடா. அது ஒரு தடவைதான் முளைக்கும். இனிமே அந்தப் பல்லு வராது" என்றேன். எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி சொன்னேன்.

அவள் உதடு பிதுங்கியது. பிறகு ஓவென்று அழுதாள். பல்லைப் பிடுங்கும்போதுகூட அப்படி அழவில்லை.

"ஏந்தாயி, பச்சப் பிள்ளகிட்டப் போயி இதை..." என்று அவர் எழுந்தார். "அழுகுது பாரு, அழுகுது பாரு."

"அழுகட்டும்ணே."

அவரால் நிற்க முடியவில்லை. கையைப் பிசைந்தார். அவள் பக்கம் போகப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, செருப்பைக் காலில் நுழைத்துக்கொண்டே படியிறங்கிப் போனார். சில மாதத்தில் கடையையும் காலி செய்துகொண்டு மகன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார் என்பது பிறகு நடந்தது. நான்தான் துரத்தினேன் என்று இன்றைக்கும் தெருவில் ஒரு பேச்சு உண்டு.

அவள் அழுது முடிக்கிற வரைக்கும் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. விக்கல் நின்றதும் பாவாடையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"நீயுந்தானம்மா முளைக்கும்னு சொன்ன?"

"ஆமா" என்றேன். "நானும் சொன்னேன்."